பிரைவசி பத்தி என்ன படிக்கலாம், எதை நம்பிப் படிக்கலாம்

போன் நாம பேசுறத ஒட்டுக்கேக்குதான்னு யார்கிட்ட கேட்டாலும் ஆமான்னுதான் சொல்வாங்க. ஷூ வாங்கணும்னு பேசிட்டிருந்தோம், மறுநாளே ஷூ விளம்பரம் வந்து நிக்குது, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்பாங்க. முக்காவாசிப் பேருக்கு பிரைவசி மேல ஆர்வம் வர்றதே இந்த சந்தேகத்துலதான், எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. ஆனா இந்தக் கேள்விய வச்சு நெட்ல தேட ஆரம்பிச்சா என்ன ஆகுதுன்னா, பயமுறுத்துற கட்டுரை வரிசையா வரும், "உடனே இந்த செட்டிங்க ஆஃப் பண்ணுங்க"ன்னு வீடியோ வரும், கடைசில எல்லாம் சுத்தி வந்து ஏதோ ஒரு விபிஎன் (நம்ம நெட் போக்குவரத்த மறைச்சு அனுப்புற சேவை) வாங்குங்கன்னு முடியும். படிச்சு முடிச்சா பயம் மட்டும்தான் மிச்சம், யார் என்ன எடுக்குறாங்க, யாருக்கு குடுக்குறாங்கன்னு கேட்டா நம்மால ஒரு வரி சொல்ல முடியாது.

இதே கேள்விக்கு ஒழுங்கா வேலை பார்த்து பதில் தேடுனவங்க இருக்காங்க. 2018ல அமெரிக்காவுல நார்த்ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் 17,260 ஆண்ட்ராய்டு ஆப்களை எடுத்து, எதுகிட்டலாம் மைக், கேமரா பர்மிஷன் இருக்கு, கோடுக்குள்ள அதைப் பயன்படுத்த வழி இருக்கான்னு பார்த்தாங்க, அதுல ஆயிரக்கணக்கான ஆப்களை நிஜ போன்ல தானா ஓட வச்சு வெளிய போற நெட்வொர்க் டிராஃபிக்ல ஆடியோவோ படமோ வீடியோவோ போகுதான்னு புடிச்சுப் பார்த்தாங்க. திருட்டுத்தனமா ஆடியோ அனுப்புற ஆப் ஒண்ணு கூட சிக்கல. ஆனா வேற ஒண்ணு சிக்குச்சு. ஒரு ஆப், யூசர் ஸ்க்ரீன்ல என்ன தட்டுறாரு, என்ன டைப் பண்றாருங்கறத வீடியோவாவே எடுத்து மூணாவதா ஒரு கம்பெனிக்கு அனுப்பிட்டு இருந்துச்சு, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. அதோட எங்க சோதனையில போன் பக்கத்துல மனுஷங்க உக்காந்து பேசல, ஆப்பை ஓட்டுனது ஒரு புரோகிராம்தான், பேச்ச போனுக்குள்ளயே எழுத்தா மாத்தி அனுப்பியிருந்தா எங்க கண்ணுக்கு தப்பியிருக்கலாம்னு அவங்களே சொன்னாங்க.

இதுதான் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு. நான் என்ன பார்த்தேன், எப்படிப் பார்த்தேன், எது என் கைக்கு எட்டலன்னு மூணையும் சொல்ற எழுத்து இந்த சப்ஜெக்ட்ல ரொம்பக் கம்மி. அதனால இப்போ எதைப் படிக்க எடுத்தாலும் மொதல்ல மனசுக்குள்ள கேக்குற கேள்வி ஒண்ணுதான், "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" இதுக்கு பதில் அந்தக் கட்டுரைக்குள்ளயே இருந்தா மேல படிப்பேன், இல்லன்னா மூடிட்டுப் போயிடுவேன்.

மைக் விஷயத்துலயே இன்னும் ரெண்டு சேர்த்துப் படிக்கணும், இல்லன்னா படம் முழுசாகாது. 2019ல ஆப்பிளோட சிரி ரெக்கார்டிங்ல கொஞ்சத்த ஒப்பந்த ஊழியர்கள் உக்காந்து கேக்குறாங்க, அதுல தப்பா ஆன் ஆகி பதிவான டாக்டர்-பேஷண்ட் பேச்செல்லாம் இருக்குன்னு கார்டியன் பத்திரிகை எழுதுச்சு, அது வழக்காப் போயி கடைசில 9.5 கோடி டாலர் செட்டில்மென்ட்டுக்கு ஆப்பிள் ஒத்துக்கிச்சு, ஆனா தப்பு எதையும் ஒத்துக்கல. இன்னொண்ணு, 2023 கடைசில 404 மீடியான்னு ஒரு சின்ன செய்தி நிறுவனம் வெளிய கொண்டு வந்தது. காக்ஸ் மீடியா குரூப்ங்கற கம்பெனி, போன், டிவி மைக் வழியா மக்கள் பேசுறத வச்சு விளம்பரம் காட்ட எங்களால முடியும்னு விளம்பரதாரர்கள்கிட்ட பெருமையா சொல்லி வித்துக்கிட்டு இருந்துச்சு. இது வந்ததும் "பார்த்தீங்களா, அப்பவே சொன்னோமே"ன்னு எல்லாரும் ஷேர் பண்ணாங்க. ஆனா கையில இருந்தது அந்தக் கம்பெனியோட சேல்ஸ் பேச்சு மட்டும்தான், அது நிஜமாவே அப்படி செஞ்சுச்சுங்கறதுக்கான டெக்னிகல் ஆதாரம் அதுல இல்ல. நல்ல ரிப்போர்ட்டர் இந்த வித்தியாசத்த சொல்லிடுவாங்க, அதை எடுத்து திருப்பி எழுதுறவங்க அந்த வரிய விட்டுடுவாங்க.

அப்போ ஷூ விளம்பரம் எப்படித்தான் வருது? மைக்க விடப் பெரிய விஷயம் இங்கதான் இருக்கு, இதப் பத்தித்தான் மக்கள் நிறையப் படிக்கணும்னு எனக்கு ஆசை. ஒரு ஆப்பையோ வெப்சைட்டையோ திறக்கும்போது அதுல இருக்குற விளம்பர இடத்துக்கு கண்ணிமைக்குற நேரத்துல ஒரு ஏலம் நடக்குது. ஏலம் கேக்கணும்னா பார்க்கப்போற ஆள் யாருன்னு தெரியணும், அதுக்காக போனோட விளம்பர ஐடி, சுமாரா எங்க இருக்கோம், எந்த ஆப்ல இருக்கோம், என்ன மாடல் போன், இதெல்லாம் ஒரு கட்டா சேர்ந்து ஏகப்பட்ட கம்பெனிகளுக்குப் போகுது. ஏலத்துல ஜெயிக்கிறது ஒருத்தர்தான், ஆனா தோத்தவங்க எல்லாரும் அந்த டேட்டாவைப் பார்த்தாச்சு, வேணும்னா எடுத்து வச்சுக்கிட்டாச்சு. அயர்லாந்துல ஐசிசிஎல்ங்கற சிவில் உரிமை அமைப்பு 2022ல வெளியிட்ட ரிப்போர்ட் படி, அமெரிக்காவுல இருக்குற ஒருத்தரோட ஆன்லைன் நடமாட்டமும் லொகேஷனும் சராசரியா ஒரு நாளைக்கு 747 தடவை இப்படி வெளிய போகுது, ஐரோப்பாவுல 376 தடவை. ஒரு கண்டம் முழுக்க கடுமையான டேட்டா சட்டம் போட்டும் பாதியாத்தான் குறைஞ்சிருக்குங்கறது அந்த ரெண்டு நம்பரைப் பக்கத்துல பக்கத்துல வச்சாலே தெரியும்.

இதோட சேர்த்து நார்வே நாட்டோட கன்ஸ்யூமர் கவுன்சில் 2020 ஜனவரில போட்ட ரிப்போர்ட்ட கண்டிப்பா படிங்க. இந்த சப்ஜெக்ட்ல ஒண்ணே ஒண்ணு சொல்லுன்னு யாராவது கேட்டா இதைத்தான் சொல்வேன். டேட்டிங், பீரியட் டிராக்கர், கீபோர்டுன்னு நாம சாதாரணமாப் போட்டு வச்சிருக்குற மாதிரி 10 ஆப்களை எடுத்து, ஒரு செக்யூரிட்டி கம்பெனிய வச்சு அதுங்க எங்கெங்க பேசுதுன்னு அளந்தாங்க, கொறஞ்சது 135 வெளி கம்பெனிகளுக்கு டேட்டா போயிட்டு இருந்துச்சு. ரிப்போர்ட்டோட டெக்னிகல் ஆவணமும் தனியா இருக்கு, எந்த ஆப் எந்த சர்வருக்கு என்ன அனுப்புச்சுன்னு அப்படியே போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் அவங்க புகார் குடுத்து, நார்வே டேட்டா ஆணையம் விசாரிச்சு, 2021 டிசம்பர்ல கிரைண்டர்ங்கற டேட்டிங் ஆப்புக்கு 6.5 கோடி குரோனர் அபராதம் போட்டுச்சு. ரிப்போர்ட், புகார், தீர்ப்பு, மூணையும் வரிசையாப் படிச்சா கம்பெனி என்ன சால்ஜாப்பு சொல்லுச்சு, அதை ஆணையம் ஏன் ஏத்துக்கலங்கறது வரைக்கும் புரிஞ்சிடும், வேற எந்த விளக்கக் கட்டுரையும் தேவைப்படாது.

ரெகுலேட்டர் ஆவணங்கள்னாலே போரடிக்கும்னு ஒரு நினைப்பு இருக்கு. எனக்கு அப்படித் தோணல. அமெரிக்காவோட வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2024ல அவாஸ்ட் மேல போட்ட புகாரை எடுத்துப் படிச்சுப் பாருங்க. அவாஸ்ட் வைரஸ் தடுக்குற சாஃப்ட்வேர், உங்கள யாரும் பின்தொடராம பாத்துக்கறோம்னு சொல்லித்தான் பிரவுசர்ல எக்ஸ்டென்ஷன் போடச் சொன்னாங்க, போட்டவங்க எந்தெந்த சைட்டுக்குப் போனாங்கங்கறத மொத்தமா எடுத்து ஜம்ப்ஷாட்ங்கற தன்னோட துணைக் கம்பெனி வழியா வித்துட்டாங்க. யாருக்கெல்லாம் வித்தாங்க, டேட்டாவுல என்னென்ன இருந்துச்சுன்னு புகாருக்குள்ளயே விலாவாரியா இருக்கு. கடைசில 1.65 கோடி டாலர் கட்டணும், பிரவுசிங் டேட்டாவை விளம்பரத்துக்காக விக்கக் கூடாதுன்னு முடிஞ்சுது. இந்த மொத்தக் கதையும் 2020ல மதர்போர்டு, பிசிமேக்ங்கற ரெண்டு டெக் செய்தித் தளமும் சேர்ந்து செஞ்ச செய்திலதான் வெளிய வந்துச்சு. பாதுகாப்பு தர்றேன்னு வர்றவன் மேலயும் இதே கேள்விய கேக்கணும்னு எனக்கு உறைச்சது இதைப் படிச்சப்போதான்.

விபிஎன் பத்தின கட்டுரைகள நான் ஏன் ஒதுக்குறேன்னும் இங்கயே சொல்லிடறேன். கேப் டெக்னாலஜிஸ்னு ஒரு கம்பெனி, சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ்ங்கற விபிஎன்களை ஏற்கனவே கையில வச்சிருந்தது. 2021ல விபிஎன்மென்டார் மாதிரி விபிஎன் ரிவ்யூ சைட்டுகளை நடத்துற கம்பெனிய சுமார் 15 கோடி டாலருக்கு வாங்குச்சு, அதே வருஷம் எக்ஸ்பிரஸ் விபிஎன்ன 93.6 கோடி டாலருக்கு வாங்குச்சு. விக்கிறதும் அவங்க, எது நல்லதுன்னு மார்க் போடுற சைட்டும் அவங்களுது. மத்த ரிவ்யூ சைட்டுகள்லயும் பெரும்பாலும் நாம லிங்க்க கிளிக் பண்ணி வாங்கினா கமிஷன் போகும். ஆபத்து என்னன்னு எழுதறவருக்கு நம்ம பயத்துல பங்கு இருந்தா அந்த எழுத்துல ஆபத்து அளவுக்கு மீறித்தான் இருக்கும். கீழ போயி அந்த சைட்ட யார் நடத்துறாங்க, காசு எங்கேர்ந்து வருதுன்னு பார்க்குறதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது, அதை செஞ்சாலே பாதிக் குப்பை கழிஞ்சிடும்.

இன்னொரு வகை குப்பை இருக்கு, அது கண்டுபுடிக்கக் கஷ்டம், ஏன்னா அது நம்ம பக்கம் பேசுற மாதிரியே இருக்கும். கண்காணிப்ப எதிர்த்து எழுதறவங்களே, கண்காணிக்கிற கம்பெனி தன்னைப் பத்தி அடிச்சு விட்டத அப்படியே நம்பி எழுதறது. கேம்பிரிட்ஜ் அனலிடிகாங்கற தேர்தல் பிரச்சாரக் கம்பெனியோட விவகாரம் 2018ல வெடிச்சப்போ இதுதான் நடந்துச்சு. ஒரு குவிஸ் ஆப்பை சில லட்சம் பேர் போட்டாங்க, அவங்க நண்பர்கள் டேட்டாவும் சேர்ந்து போயி 8.7 கோடி பேர் வரைக்கும் பாதிக்கப்பட்டிருக்கலாம்னு ஃபேஸ்புக்கே சொல்லுச்சு, இது உறுதியான விஷயம், பெரிய அநியாயம். ஆனா இந்த டேட்டாவை வச்சு ஒவ்வொருத்தர் மனசையும் படிச்சு ஓட்டையே மாத்திட்டாங்கங்கறது அந்தக் கம்பெனி தன் கஸ்டமர்கிட்ட சொன்ன வியாபாரப் பேச்சு. பிரிட்டன் டேட்டா ஆணையர் விசாரணைய முடிச்சு 2020 அக்டோபர்ல நாடாளுமன்றக் கமிட்டிக்கு எழுதுன கடிதத்துல, அவங்க பயன்படுத்துனது பெரும்பாலும் எல்லாருக்கும் கிடைக்கிற, ஏற்கனவே தெரிஞ்ச முறைகள்தான்னு இருக்கு. இதைச் சொன்னா சிலருக்கு கோவம் வருது, கம்பெனிக்கு வக்காலத்து வாங்குற மாதிரி தெரியுது போல. எனக்கு நேர்மாறாத்தான் தோணுது, டேட்டாவ எடுத்ததே தப்புன்னு சொல்றதுக்கு அவன் மந்திரவாதியா இருக்கணும்னு அவசியமே இல்ல.

பேர எடுத்துட்டோம், இது யாரோட டேட்டான்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்வாங்க இல்ல, அதைப் பத்தி வந்த ஆராய்ச்சிப் பேப்பர்கள் எனக்கு ரொம்பப் புடிக்கும். லட்டான்யா ஸ்வீனி 1990கள்ல மாணவியா இருந்தப்போ, மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களோட மருத்துவ டேட்டா பேர் நீக்கி ஆராய்ச்சிக்கு குடுக்கப்பட்டிருந்துச்சு. அவங்க 20 டாலர் குடுத்து கேம்பிரிட்ஜ் நகரத்து வாக்காளர் பட்டியல வாங்கி ரெண்டையும் பொருத்திப் பார்த்து, கவர்னர் வில்லியம் வெல்டோட மருத்துவ ரெக்கார்ட எடுத்துட்டாங்க. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சு இலக்க பின்கோடு, இந்த மூணும் இருந்தா அமெரிக்கர்கள்ல 87 சதவீதம் பேரை தனியாப் பிரிச்சிடலாம்னு 2000ல அவங்க கணக்கு போட்டாங்க. இந்த 87 எங்க பார்த்தாலும் வரும். ஆனா பிலிப் கோல் 2006ல அதே கேள்விய புது மக்கள்தொகைக் கணக்கெடுப்ப வச்சுத் திரும்பப் பார்த்து சுமார் 63 சதவீதம்தான்னு எழுதினார். அதுவும் பயங்கரமான நம்பர்தான், ஆனா வேற நம்பர். ஒருத்தர் 87ஐ மட்டும் சொல்லிட்டு நிறுத்துனா அவர் ஒரிஜினல் பேப்பர் பக்கம் போகலன்னு ஓரளவு ஊகிச்சிடலாம்.

இதே வரிசைல இன்னும் ரெண்டு மூணு இருக்கு. 2006ல ஏஓஎல் கம்பெனி 6,50,000 யூசர்களோட சுமார் 2 கோடி தேடல்களை பேருக்கு பதிலா நம்பர் போட்டு வெளியிட்டப்போ, நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அந்தத் தேடல்களை மட்டும் படிச்சே ஒரு வயசான பெண்மணி வீட்டு வாசலுக்குப் போய் நின்னுட்டாங்க. 2008ல நாராயணனும் ஷ்மாட்டிகோவும் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ரேட்டிங் டேட்டாவுல, ஒருத்தர் ரேட் பண்ண 8 படம் தெரிஞ்சா போதும், அதுல 2 தப்பா இருந்தாலும் தேதி ரெண்டு வாரம் முன்ன பின்ன இருந்தாலும் 99 சதவீதம் ரெக்கார்டுகள தனியாப் பிரிச்சிடலாம்னு காட்டுனாங்க. 2013ல டி மான்ஜாய் குழு 15 லட்சம் பேரோட 15 மாச மொபைல் லொகேஷன எடுத்து, எந்த நேரத்துல எங்க இருந்தாங்கன்னு நாலே புள்ளி தெரிஞ்சா 95 சதவீதம் பேரை அடையாளம் பிரிச்சிடலாம்னு காட்டுச்சு. இதெல்லாம் காசு குடுக்காமப் படிக்கலாம், நடுவுல வர்ற சமன்பாடுகளத் தாண்டிட்டு முன்னுரையும் முடிவும் வரம்புகள் பத்தின பகுதியும் படிச்சாலே போதும். யூஸ்நிக்ஸ் செக்யூரிட்டி மாநாட்டுப் பேப்பர்களும், பெட்ஸ்னு கூப்புடுற பிரைவசி மாநாட்டுப் பேப்பர்களும் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு, வருஷா வருஷம் வர்ற தலைப்புகள மேலோட்டமாப் பார்த்தாலே ரெண்டு வருஷம் கழிச்சு செய்தில வரப்போறது இப்பவே தெரியும்.

கோர்ட் தீர்ப்புகளப் படிக்கச் சொன்னா எல்லாரும் ஒரு மாதிரி பார்க்குறாங்க, ஆனா அதுல கதை இருக்கு. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல 2018ல வந்த கார்பென்டர் வழக்குல போலீஸ் வாரண்ட் இல்லாம ஒருத்தரோட 127 நாள் டவர் லொகேஷன வாங்கியிருந்தாங்க, மொத்தம் 12,898 புள்ளி, ஒரு நாளைக்கு சராசரியா 101. நீங்களே விரும்பி டெலிகாம் கம்பெனிக்கு குடுத்த தகவல்தானே, அதுல என்ன அந்தரங்கம்னு அரசு வாதாடுச்சு, இல்ல, இதுக்கு வாரண்ட் வேணும்னு 5க்கு 4ன்னு தீர்ப்பு. மாத்துத் தீர்ப்புகளையும் விடாமப் படிங்க, அங்கதான் இந்த வாதத்தோட ஓட்டை எங்கன்னு வெளிப்படையா தெரியும். இந்திய சுப்ரீம் கோர்ட்டோட 2017 புட்டசாமி தீர்ப்பு 547 பக்கம், ஒன்பது நீதிபதிகள், எல்லாரும் ஒரே குரல்ல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. அதுல எனக்கு ரொம்பப் பட்டது 1962 கரக் சிங் வழக்கப் பத்திப் பேசுற இடங்கள். ஆதாரமில்லாம விட்டுட்ட ஒருத்தர் வீட்டுக் கதவ போலீஸ் ராத்திரி ராத்திரி தட்டிட்டு இருந்தாங்க. அப்போ கோர்ட் அந்த ராத்திரி விசிட்ட மட்டும் ரத்து பண்ணுச்சு, அந்தரங்கம்னு ஒரு உரிமை அரசியல் சட்டத்துல இல்லன்னும் சேர்த்து சொல்லிடுச்சு, நீதிபதிகள் சுப்பா ராவும் ஷாவும் மட்டும் மாத்திச் சொன்னாங்க. அவங்க சொன்னது சரின்னு ஆக 55 வருஷம் ஆச்சு. கம்ப்யூட்டரே இல்லாத காலத்துக் கண்காணிப்பு எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்காம இன்னைக்கு நடக்குறத மட்டும் படிச்சா எல்லாமே டெக்னாலஜியாலதான் வந்துச்சுன்னு தோண ஆரம்பிச்சிடும்.

அரசாங்கக் கண்காணிப்புன்னா எல்லாரும் 2013ல அமெரிக்க உளவு ஆவணங்கள வெளிய விட்ட ஸ்னோடன்ல ஆரம்பிப்பாங்க, சரிதான். ஆனா அதைப் பத்தின புத்தகம், பேட்டின்னு போறதுக்கு முன்னாடி மொத நாள் கார்டியன்ல வந்த வெரிசான் உத்தரவ மட்டும் படிங்க, சில பக்கம்தான். ஒரு டெலிகாம் கம்பெனி தன்னோட கோடிக்கணக்கான கஸ்டமர்களோட கால் விவரம் மொத்தத்தையும் தினமும் அரசுக்கு குடுக்கணும்னு எந்த உணர்ச்சியும் இல்லாத அலுவலக மொழில எழுதியிருக்கும். அப்புறம் நேரா 2014 ஜனவரில அமெரிக்க அரசோட சொந்த மேற்பார்வை வாரியமான பிக்ளாப் போட்ட ரிப்போர்ட்டுக்குப் போங்க. அந்த கால் ரெக்கார்ட் திட்டத்தால ஒரு பயங்கரவாத விசாரணையோட முடிவு மாறுச்சுன்னு சொல்ல, அமெரிக்காவுக்கு வந்த அச்சுறுத்தல்கள்ல ஒரு உதாரணம் கூட எங்களுக்குக் கிடைக்கலன்னு அவங்க எழுதுனாங்க. ரகசிய ஆவணங்களப் பார்க்க அனுமதி இருந்தவங்க சொன்னது இது, அதனாலதான் வெளிய இருந்து எழுதுன எந்த ஆவேசக் கட்டுரைய விடவும் இதுக்கு கனம் அதிகம். வெறும் மெட்டாடேட்டாதானே, பேச்ச கேக்கலயேன்னு சொல்றவங்களுக்கு ஸ்டான்ஃபோர்ட்ல 800க்கு மேல தன்னார்வலர்கள வச்சு செஞ்சு 2016ல வெளிவந்த ஆராய்ச்சி இருக்கு, யாருக்கு போன் பண்ணாங்கங்கறத மட்டும் வச்சு ஒருத்தருக்கு இதய நோய் இருக்குங்கற வரைக்கும் ஊகிச்சுட்டாங்க.

உளவு சாஃப்ட்வேர் பத்தின்னா டொரன்டோ யுனிவர்சிட்டில இருக்குற சிட்டிசன் லேப் ரிப்போர்ட்டுகள்தான். 2016ல அகமது மன்சூர்ங்கற அமீரக மனித உரிமை ஆர்வலருக்கு, சிறைச் சித்திரவதை பத்தின ரகசியம் இந்த லிங்க்ல இருக்குன்னு எஸ்எம்எஸ் வந்துச்சு. அவர் கிளிக் பண்ணாம அதை அப்படியே சிட்டிசன் லேபுக்கு அனுப்பிட்டார். அவங்க வேற ஒரு போன்ல அந்த லிங்க்க திறந்து உள்ள என்ன நடக்குதுன்னு பார்த்தாங்க, ஐபோன்ல அதுவரைக்கும் ஆப்பிளுக்கே தெரியாத மூணு ஓட்டைய ஒண்ணு சேர்த்து பெகாசஸ்ங்கற உளவு சாஃப்ட்வேர இறக்குற வேலை அது. ஆப்பிள் கொஞ்ச நாள்ல 9.3.5 அப்டேட் விட்டு அடைச்சுது. அடுத்த வருஷம் மன்சூர கைது பண்ணி ஜெயில்ல போட்டாங்க. ஒரு மனுஷன் சந்தேகப்பட்டு ஒரு மெசேஜ ஃபார்வர்ட் பண்ணதுனால உலகத்துல இருந்த எல்லா ஐபோனும் சரியாச்சு, அவருக்கு மட்டும் சிறை. இந்த ரிப்போர்ட்டப் படிக்கும்போது இது மெஷின் பத்தின சப்ஜெக்டே இல்லன்னு எனக்கு தோணிட்டே இருக்கும். சர்வர் பேரு, டொமைன், எந்தத் தேதில என்ன பதில் வந்துச்சுன்னு எல்லாம் போட்டிருக்கறதால வேற யாரும் போய் சரிபார்க்கலாம். 2021 பெகாசஸ் விவகாரத்துக்கு ஆம்னஸ்டி வெளியிட்ட தடயவியல் ரிப்போர்ட்டும் அதே மாதிரிதான், அவங்க பரிசோதனை முறைய சிட்டிசன் லேப் தனியா பார்த்து சரின்னு சொன்னதும் சேர்ந்தே வெளிவந்துச்சு.

மறைக்க ஒண்ணும் இல்லாதவனுக்கு என்ன பயம்ங்கற கேள்விக்கு டேனியல் சோலோவ் 2007ல எழுதுன கட்டுரை போதும். 1890ல வாரனும் பிராண்டைஸும் ஹார்வர்ட் சட்ட இதழ்ல எழுதுன கட்டுரையும் படிக்கலாம், நொடில படம் எடுக்குற கேமரா புதுசா வந்தப்போ அவங்க எழுதுன புலம்பல் இன்னைக்கு எழுதுன மாதிரியே இருக்கும். நடை கொஞ்சம் பழசு, அவ்வளவுதான்.

எல்லாம் கெட்ட செய்தியாவே படிச்சா மனசு விட்டுடும், அதனால ஒண்ணு சொல்றேன். 2016ல அமெரிக்காவுல ஒரு கிராண்ட் ஜூரி சிக்னல்ங்கற மெசேஜிங் ஆப்கிட்ட சம்மன் அனுப்பி ரெண்டு போன் நம்பரோட விவரம் எல்லாம் கேட்டுச்சு. சிக்னலால குடுக்க முடிஞ்சது ரெண்டே ரெண்டு, அக்கவுண்ட் எப்போ ஆரம்பிச்சாங்க, கடைசியா எப்போ கனெக்ட் ஆனாங்க. மத்தத மறைச்சு வைக்கல, அவங்ககிட்டயே இல்ல. சம்மனும் பதிலும் ரெண்டையும் அவங்க சைட்லயே போட்டு வச்சிருக்காங்க. எங்க பிரைவசி பாலிசில இப்படி இருக்குன்னு பத்து பக்கம் எழுதறத விட அந்த ஒரு பதில் கடிதம் அதிகமா சொல்லுது. எடுக்காத டேட்டாவ யாராலயும் கேட்டு வாங்க முடியாது, விக்கவும் முடியாது, அப்படி ஒரு ஆப்பைக் கட்டி ஓட்டவும் முடியுதுன்னு அதுல கண்ணால பார்க்கலாம்.

இன்னொண்ணும் படிக்கலாம், நம்மளப் பத்தின ஃபைலையே. ஃபேஸ்புக்ல வெளி கம்பெனிகள் உங்களப் பத்தி என்ன அனுப்புனாங்கன்னு டவுன்லோடு பண்ணிப் பார்க்க வழி இருக்கு. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸும் தி மார்க்கப்பும் சேர்ந்து 709 தன்னார்வலர்கள் குடுத்த இந்த ஃபைல்கள எண்ணிப் பார்த்து 2024 ஜனவரில எழுதுனாங்க, எல்லாருக்கும் சேர்த்து 1,86,892 கம்பெனிகள் டேட்டா அனுப்பியிருந்துச்சு, ஒருத்தருக்கு சராசரியா 2,230 கம்பெனி. இந்த சப்ஜெக்ட்டுக்குப் புதுசா வர்ற யாருக்கும் நான் மொதல்ல சொல்றது உங்க ஃபைலை எடுங்கங்கறதுதான். அதுல உங்களுக்கு சம்பந்தமே இல்லாத, கேள்விப்படாத பேரா ஒண்ண எடுத்துக்கோங்க. அது கூட புகார், அபராதம், டேட்டா புரோக்கர்ங்கற வார்த்தைகள ஒவ்வொண்ணா சேர்த்துத் தேடிப் பாருங்க, செய்தி வந்தா அதோட அடிக்குறிப்ப புடிச்சு மூல ஆவணம் வரைக்கும் போங்க. பல தடவை ஏதோ ஒரு ரெகுலேட்டரோட பிடிஎஃப்ல போய் நிப்பீங்க, அதை மொத பக்கத்துலேர்ந்து படிக்க ஆரம்பிக்கலாம்.